எந்த ஊரில் குடியமர்வது?

ஊர் விட்டு ஊர் செல்வது நம் மக்களுக்குப் புதிய செய்தியன்று. கொழும்புக்கும் பினாங்குக்கும் இரங்கூனுக்கும் கப்பலேறிச் சென்று பொருளீட்டிய முன்னோரின் வழி வந்தவர்கள் நாம். ஆனால் அந்நாளில் பயணம் புறப்பட்டவர் பெரும்பாலும் ஆண் ஒருவரே. குடும்பம் ஊரிலேயே இருந்தது. வீடும், பள்ளிவாசலும், உற்றார் உறவினரும் இடம் மாறவில்லை. போனவர் எத்தனை ஆண்டுகள் கழித்துத் திரும்பினாலும் அதே தெருவுக்குத்தான் திரும்பினார்.

இன்றைய நிலைமை வேறு. பிள்ளைகளின் மேற்படிப்புக்காகவும், பெற்றோரின் மருத்துவத்துக்காகவும் குடும்பம் முழுவதுமே பெருநகரை நோக்கிப் புறப்படுகிறது. வளைகுடாவில் இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்ந்தவர்கள், எஞ்சிய நாட்களை எங்கே கழிப்பது என்று ஆலோசிக்கின்றனர். சென்னையா, கோயம்புத்தூரா, திருச்சியா, பெங்களூரா என்ற பேச்சு இன்று எழாத வீடு நம்மிடையே குறைவு. ஒருவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்த பொருள் இந்த ஒரு முடிவில் கரைந்துவிடக்கூடும். ஆகவே, இதனைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

வாசகர்களே, முதலில் ஒன்றைச் சிந்தியுங்கள். ஊரைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவராகவும், அந்த ஊரில் வாழப்போகிறவர்கள் வேறு சிலராகவும் இருப்பதுதான் நம் குடும்பங்களில் வழக்கம். சபுராளியாக வெளிநாட்டில் இருப்பவர் நாற்பது நாள் விடுப்பில் வருகிறார். தை மாதக் குளிரில் ஒரு நகரைச் சுற்றிப் பார்க்கிறார். நண்பர் ஒருவர் வாங்கிய அடுக்ககத்தில் தாமும் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார். அந்த வீட்டில் சித்திரை மாதத்துப் பகல்களையும் ஐப்பசி மாதத்து மழை இரவுகளையும் கழிக்கப்போகிறவர்கள் அவருடைய மனைவியும், வயது முதிர்ந்த உம்மாவும், பள்ளி செல்லும் பிள்ளைகளும் அல்லவா? அவர்களுடைய ஒரு நாள் எவ்வாறு கழியும் என்று பார்த்துத்தான் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உயரமும் கடலும்

தட்பவெப்பத்தைப் பற்றிப் பேசும்போது 'அந்த ஊர் சூடு, இந்த ஊர் குளிர்ச்சி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஒரு நகரின் தட்பவெப்பத்தை முக்கியமாக மூன்று காரணங்கள் தீர்மானிக்கின்றன: கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம், கடலுக்கும் அதற்குமுள்ள தொலைவு, எந்தப் பருவக்காற்று அதற்கு மழை தருகிறது என்பது.

ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஆறரை டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைகிறது என்பது பொதுவான கணக்கு. பெங்களூர் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோயம்புத்தூர் சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திருச்சி நூறு மீட்டரைக் கூட எட்டவில்லை. பெங்களூரின் இதமான காற்றுக்கும் திருச்சியின் வெயிலுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி இந்த உயரத்தால் வருவதே.

கோயம்புத்தூருக்கு உயரத்தோடு மற்றொரு நற்பேறும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு அமைந்துள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியே, தென்மேற்குப் பருவக்காற்று ஆனி, ஆடி மாதங்களில் அந்நகருக்குள் வீசுகிறது. மழை ஆண்டுக்குச் சுமார் 60 முதல் 70 சென்டிமீட்டர்தான். ஆனால் காற்றுக்குக் குறைவில்லை.

சென்னையின் கதை வேறு. அங்கே வெப்பமானியின் அளவைக் காட்டிலும் காற்றிலுள்ள ஈரமே உடலை வருத்துகிறது. வியர்வை உலரும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை உலர்வதில்லை. அதனால்தான் திருச்சியின் 38 டிகிரியை நிழலில் அமர்ந்து தாங்கிக்கொள்பவர், சென்னையின் 35 டிகிரியில் சோர்ந்து போகிறார். ரியாத்தின் வறண்ட வெயிலில் பழகியவர்கள் 'எனக்குச் சூடு புதிதா?' என்று எண்ணிச் சென்னைக்கு வந்து திகைப்பதும் இதனால்தான்.

சென்னைக்கு ஆறுதலாக விளங்குவது பிற்பகலில் வரும் கடற்காற்று. அது உரிய நேரத்தில் வந்துவிட்டால் மாலை இனிமையாகிவிடும். மேற்குக் காற்று வலுத்து அதனைத் தடுத்துவிட்டால் வெப்பம் நாற்பதைத் தாண்டும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. கடற்கரையை ஒட்டிய திருவல்லிக்கேணிக்கு வரும் காற்று ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் போய்ச் சேரும்போது தாமதமாகிவிடுகிறது, வலுவும் குறைந்துவிடுகிறது. எனவே 'சென்னை' என்று மட்டும் சொன்னால் போதாது. சென்னையில் எந்தப் பகுதி என்று கேட்க வேண்டும்.

இரவையும் கணக்கில் கொள்ளுங்கள். மே மாதத்தில் சென்னையின் இரவு வெப்பம் சராசரியாக 27 டிகிரிக்கும் மேலே நிற்கிறது. பெங்களூரில் அது 21 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. வயது முதிர்ந்தவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பகல் வெயிலைவிட, உறக்கம் தராத இரவே பெருந்துன்பம்.

அப்படியானால் மலைமேலேயே சென்று வாழ்ந்துவிடலாமே என்று தோன்றலாம். உதகமண்டலம் 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. கோடை விடுமுறையில் நாம் காணும் உதகை வேறு. மார்கழியில் உறைபனி படியும் உதகை வேறு. மாதக்கணக்கில் ஈரமும் மூடுபனியும் சூழும் ஊரில், மூட்டு வலியும் மூச்சிரைப்பும் உள்ள முதியவர் ஒருவர் பஜ்ருக்கு ஒளூச் செய்ய எழுவதை நினைத்துப் பார்த்தால், மூன்று நாள் உல்லாசத்துக்கும் முழு ஆண்டு வாழ்க்கைக்கும் உள்ள தூரம் விளங்கும். அவசர மருத்துவத்துக்கு மலைப்பாதையில் இறங்கியாக வேண்டும் என்பதும் சிறிய செய்தியன்று.

தண்ணீரைக் கேளுங்கள்

வெயிலுக்கு விசிறியுண்டு, குளிருக்குப் போர்வையுண்டு. தண்ணீர் இல்லாமைக்கு மாற்றுண்டா? வீடு பார்க்கச் செல்கிறவர் தரைக்குப் போட்ட கல்லைப் பார்க்கிறார். சமையலறை மேடையைப் பார்க்கிறார். குழாயைத் திறந்து பார்ப்பவர் சிலரே.

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. பெங்களூரை விடவும் கோயம்புத்தூரை விடவும் இது மிகுதி. ஆயினும் அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அதனால் ஒரே நகரம் இரு துன்பங்களையும் கண்டது. 2015 டிசம்பர் முதல் நாட்களில் வேளச்சேரியும் முடிச்சூரும் கோட்டூர்புரமும் வெள்ளத்தில் மூழ்கின. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. அவ்வாண்டு ஜூலையில் சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மீண்டும் தெருக்களைக் குளமாக்கியது.

பெங்களூர் தன் குடிநீருக்காகக் காவிரியைச் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டில் ஏற்றிக் கொண்டுவருகிறது. அந்தக் குழாய் எட்டாத புறநகர்கள் ஆழ்துளைக் கிணறுகளையே நம்பி நின்றன. 2024இன் தொடக்கத்தில் அவை வற்றியபோது, பெருந்தொகை கொடுத்து வாங்கிய அடுக்ககங்களில் குடத்துக்கு முறை வைக்கப்பட்டது. கோயம்புத்தூரின் சிறுவாணி நீர் சுவைக்குப் பெயர் பெற்றது; எனினும் சிறுவாணி அணை இருப்பது கேரளத்தில். அணையில் நீர் குறையும் ஆண்டுகளில் நகரிலும் முறை வைத்தே நீர் விடப்படுகிறது. திருச்சிக்குக் காவிரி அருகிலேயே ஓடுகிறது. வெயில் கடுமை என்று திருச்சியைத் தள்ளிவிடுகிறவர்கள் இந்தப் பெரும் வசதியை எடைபோட மறந்துவிடுகிறார்கள்.

இவற்றைச் சொல்வது எந்த நகரையும் குறை கூறுவதற்காக அன்று. நம் கடற்கரை ஊர்களும் இயற்கையின் சோதனைக்கு அப்பாற்பட்டவை அல்ல. மழை குறைந்த பகுதி என்று பெயரெடுத்த தூத்துக்குடி மாவட்டத்தில், காயல்பட்டினத்தில் மட்டும் 2023 டிசம்பர் 18 அன்று காலை வரையிலான இருபத்து நான்கு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டிய மழையைவிட அது அதிகம்.

எனவே கேட்க வேண்டியவற்றைக் கேட்டுவிடுங்கள். குழாய்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது? கிணற்று நீரில் பருப்பு வேகுமா? சித்திரையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா, மாதம் என்ன செலவாகிறது? மழைக்காலத்தில் தெருவில் எந்த மட்டம் வரை நீர் நின்றது? இக்கேள்விகளுக்கு வீடு விற்பவரிடமோ தரகரிடமோ விடை தேடாதீர்கள். அதே தெருவில் பத்தாண்டுகளாக அடுப்பு மூட்டும் பெண்களிடம் உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். பகுதியின் பெயரில் ஏரி, தாங்கல், கண்மாய், குட்டை என்று ஏதேனும் ஒட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பெயர் வந்த காரணத்தையும் விசாரியுங்கள்.

ஒரே ஊரில் இரண்டு தட்பவெப்பம்

நகரைத் தேர்ந்தெடுத்துவிட்டாலும் வேலை முடிந்துவிடவில்லை. ஒரே தெருவில் இரண்டு வீடுகள் இரண்டு தட்பவெப்பத்தோடு இருக்கும். உச்சி மாடியில் உள்ள வீட்டின் கான்கிரீட் கூரை பகலெல்லாம் வெயிலை உண்டு, இரவில் அதனை அறைக்குள் உமிழ்கிறது. மேற்குச் சுவரை ஒட்டிய படுக்கையறை நள்ளிரவு வரை கொதிக்கிறது. நம் பழைய வீடுகளின் தடித்த சுவரும், உயர்ந்த கூரையும், நடு முற்றமும் வெறும் அழகுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. சூடான காற்று மேலேறி வெளியேறவும், நிழல் எப்போதும் ஒரு பக்கம் இருக்கவும் முன்னோர் கண்ட வழி அது.

அடுக்ககத்தில் முற்றம் கிடைக்காது. ஆனால் எதிரெதிர்ச் சாளரங்கள் உள்ளனவா, மேற்கு வெயில் எந்த அறையில் விழுகிறது என்பதையாவது பிற்பகல் மூன்று மணிக்குச் சென்று பார்க்கலாம். காலை பத்து மணிக்கு எல்லா வீடுகளும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும்.

முடுக்கும் அடுக்ககமும்

தட்பவெப்பத்தைவிட ஆழமான மாற்றம் ஒன்றுண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வது வழக்கம். ஆகவே திருமணத்துக்குப் பின்னும் தாயும் மகளும் தமக்கையும் தங்கையும் கூப்பிடு தூரத்திலேயே வாழ்கின்றனர். காயல்பட்டினத்து வீடுகளுக்கிடையே ஓடும் முடுக்குகள் வழியே, பெருந்தெருவுக்கு வராமலே ஒரு பெண் பத்து வீடுகளுக்குச் சென்று வரலாம். பேறுகாலம், காய்ச்சல், விருந்து, துக்கம் எதுவாயினும் ஆள் தேட வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டிலிருந்து ஒரு பெண்ணை எடுத்து ஐந்தாவது மாடியில் வைக்கும்போது என்ன நிகழ்கிறது? கணவர் வெளிநாட்டில், பிள்ளைகள் காலையில் சென்று மாலையில் வருகிறார்கள். கதவைச் சாத்தினால் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. மாமியாரோ ஊரில் அஸருக்குப் பின் திண்ணையில் அமர்ந்து போவோர் வருவோரிடம் நலம் விசாரித்தவர். இங்கே பலகணிக் கம்பிக்குள் நின்று வாகனங்களை எண்ணுகிறார். வசதி பெருகிய வீட்டில் வாழ்வு சுருங்கிப் போவதை, மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறவர் தொலைபேசியில் அறிய முடியாது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதையும் மறைக்கலாகாது. ஊரில் படிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்ட பெண், நகரில் கல்லூரிக்குச் சென்று பட்டம் பெறுகிறாள். 1951இல் தோன்றிய திருச்சி ஜமால் முகமது கல்லூரியில் இன்று மாணவியரும் பயில்கின்றனர். சென்னைத் தேனாம்பேட்டையில் நீதிபதி பஷீர் அகமது சயீத் பெயரால் விளங்கும் மகளிர் கல்லூரி 1955 முதல் பெண் கல்விக்குத் தொண்டாற்றி வருகிறது. பல குடும்பங்களில் உம்மாமார்களே 'என் தனிமை போகட்டும், மகள் படிக்கட்டும்' என்று நகருக்கு வரத் துணிகிறார்கள். அவ்வாறு அறிந்தே ஏற்கும் இழப்பு வேறு. கேளாமல் சுமத்தப்படும் இழப்பு வேறு.

மொழியும் மஹல்லாவும்

பெங்களூரின் காற்று இதமானதுதான். ஆனால் அங்குள்ள முஸ்லிம்களிடையே உருதுவே பெருவழக்கு. ஜும்ஆ பயானும் மக்தப் பாடமும் பல பள்ளிவாசல்களில் உருதுவிலேயே நடைபெறுகின்றன. பள்ளியில் பிள்ளை கன்னடம் கற்க வேண்டும். இளம்பிள்ளைகள் மூன்று மொழிகளையும் விரைவில் பழகிவிடுவார்கள். காய்கறிக்காரரிடம் பேச மொழியின்றித் தவிப்பவர் முதியவர்தாம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளிலும் உருது வழக்குண்டு; ஆயினும் அங்கே தமிழும் உடனிருக்கிறது. வேலூரில் 1900இல் தோன்றிய சி.எம்.சி. மருத்துவமனை இருப்பது நோயாளியை வைத்துப் பேணும் குடும்பங்களுக்குப் பெருந்துணை. வெயிலோ மிகக் கடுமை.

மஹல்லாவைப் பற்றியும் எண்ண வேண்டும். சென்னையில் மண்ணடியும் திருவல்லிக்கேணியும், மதுரையில் காஜிமார் தெருவும் கோரிப்பாளையமும், கோவையில் கோட்டைமேடும் கரும்புக்கடையும் நம் மக்கள் நெருங்கி வாழும் பகுதிகள். அங்கே பாங்கொலி கேட்கும்; ஹலால் இறைச்சிக்கு அலைய வேண்டாம்; நோன்புக் கஞ்சி வீடு தேடி வரும். ஆனால் இடநெருக்கடி மிகுதி. புறநகரில் விசாலமான வீடு கிடைக்கும்; பள்ளிவாசல் தொலைவில் இருக்கும். சில இடங்களில் பெயரைக் கேட்டதும் 'வீடு வாடகைக்கு இல்லை' என்று சொல்லிவிடுவதும் நடப்பதுதான். 1997, 1998ஆம் ஆண்டுகளின் துயரத்தை நினைத்துக் கோவைக்குத் தயங்குவோர் இன்றும் உண்டு. கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்ட பின், வதந்தியை வைத்து முடிவு செய்யாமல், அங்கே வாழும் குடும்பங்களிடமே பகுதி வாரியாகக் கேட்டறிவது நன்று. பிற சமயத்தவரோடு கலந்து வாழும் தெருவில் வளரும் பிள்ளை, ஊரார் எல்லோரோடும் பழகக் கற்றுக்கொள்கிறது என்பதும் எடைத்தட்டில் வைக்கத்தக்கதே.

வீட்டுப் பத்திரம் எழுதுமுன் அந்தப் பகுதி ஜமாஅத்தாரைச் சந்தித்து உறுப்பினராகும் வழியைக் கேட்டுக்கொள்ளுங்கள். மகளின் நிக்காஹ் பதிவுக்கும், ஒரு மௌத்து நேர்ந்தால் மையவாடியில் இடத்துக்கும் அப்போதுதான் போய் நின்று திகைக்கும் நிலை வரலாகாது. ஊரில் இவை கேளாமலே கிடைத்தன. நகரில் கேட்டுத்தான் பெற வேண்டும்.

அவசரம் வேண்டாம்

இத்தனையும் கூறிய பின், 'எந்த ஊர்தான் நல்லது?' என்று கேட்பீர்கள். எல்லோருக்கும் ஏற்ற ஊர் என்று ஒன்று இல்லை. மூச்சுத் தொல்லை உள்ளவருக்கு ஏற்றது வேறு. ஆண்டுக்கு இருமுறை மகன் சிங்கப்பூரிலிருந்து வந்து போகும் பெற்றோருக்கு விமான நிலையமுள்ள திருச்சி வசதி. தென்கோடி ஊர்க்காரருக்குப் பாளையங்கோட்டை போதுமாயிருக்கலாம். 1971 முதல் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி அங்கே இருக்கிறது, தாமிரபரணி இருக்கிறது, ஊரில் ஒரு துக்கம் என்றால் ஓரிரு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். பெருநகரம்தான் வேண்டும் என்பதில்லை.

ஆனால் வழிமுறை எல்லோருக்கும் ஒன்றே. மனத்துக்குப் பிடித்த ஊரை அதன் கடுமையான பருவத்தில் சென்று பாருங்கள்: சித்திரையில் ஒரு வாரம், ஐப்பசியில் ஒரு வாரம். முடிவெடுக்கும் பயணத்தில் மனைவியையும் உம்மாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பிறகு ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். ஒரு கோடை, ஒரு மழைக்காலம், ஒரு ரமளான், ஒரு பள்ளியாண்டு அந்த ஊரில் கழியட்டும். ஓராண்டு வாடகை வீண் செலவென்று தோன்றலாம். பொருந்தாத வீட்டை வாங்கிப் பின் நட்டத்துக்கு விற்பதோடு ஒப்பிட்டால் அது சிறு தொகையே.

அந்த ஓராண்டு முடியும் வரை ஊரிலுள்ள வீட்டை விற்காதீர்கள். நகரத்து வீட்டுக்குப் பணம் போதவில்லை என்று பூர்வீக வீட்டை அவசரமாகக் கைமாற்றியவர்கள், திரும்ப விரும்பியபோது தம் ஊரிலேயே விருந்தாளியாக வந்து நின்றிருக்கிறார்கள். பெண்ணுக்கென்று கொடுத்த வீடாயின், அதை விற்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கே உண்டு என்பதையும் மறவாதீர்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இன்றிரவு உணவுக்குப் பின் குடும்பத்தாருடன் அமர்ந்து, 'நாம் ஊர் மாறினால் உங்களுக்கு எது இல்லாமல் போகும், எது கிடைக்கும்?' என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் தொலைபேசியிலாவது கேளுங்கள். முதலில் மூத்தவரைக் கேளுங்கள். கடைசியில் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். கலந்தாலோசித்து எடுக்கும் முடிவில் அல்லாஹ் பரக்கத்தை அருள்வானாக!